கர்னலுக்குள் ஒரு பயணம்: எண்ணாமல் காப்பது எப்படி?

புதுப்பட்டினத்தில் உள்ள ஒரு லினக்ஸ் கணினியிலிருந்து சென்னை வழியாக வெளியே செல்லும் ஒவ்வொரு பாக்கெட்டும், எந்த வலை அட்டை வழியே எந்த அடுத்த முனைக்குப் போக வேண்டும் என்பதைக் கர்னலின் நினைவகத்தில் உள்ள ஒரு தடப் பதிவே தீர்மானிக்கிறது. ஒரே பதிவைப் பல பாக்கெட்டுகளும் இணைப்புகளும் ஒரே நேரத்தில் பிடித்திருப்பதால், அதை எப்போது அழிக்கலாம் என்பதை அறிய, பிடிப்பவர் ஒன்று கூட்டி விடுபவர் ஒன்று கழிக்கும் பயன்பாட்டு எண்ணிக்கை அதனுடன் வைக்கப்பட்டுள்ளது. கழிக்க மறந்தால் பதிவு என்றென்றும் நினைவகத்தில் தங்கி, தான் சார்ந்த வலை அட்டையையும் விடுவிக்க முடியாமல் செய்துவிடும். ஒருமுறை கூடுதலாகக் கழித்தாலோ, இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே நினைவிடம் வேறு தேவைக்குப் போய்விடும். பிழை நேர்ந்து பாதியில் வெளியேறும் நிரல் கிளைகளில்தான் முதல் வகைத் தவறு அதிகம் ஒளிந்திருக்கிறது.

கணக்கு சரியாக இருந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. பல செயலிகள் ஒரே எண்ணை மாற்றும்போது, அந்த எண் இருக்கும் கேஷ் வரி (செயலியின் வேக நினைவகத் துண்டு) ஒவ்வொரு முறையும் ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்கு இடம்பெயர வேண்டியிருக்கிறது. இந்தச் செலவைத் தவிர்க்கும் பாதையில் இந்தியப் பங்கு குறிப்பிடத்தக்கது. பெங்களூரு ஐபிஎம் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தின் தீபங்கர் சர்மா முன்னின்று உழைத்த ஆர்சியு என்னும் முறை, 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. படிப்பவர் பூட்டு எதையும் எடுக்காமல் படிப்பதும், நீக்குபவர் பதிவைப் பட்டியலிலிருந்து எடுத்தபின், ஏற்கெனவே படிக்கத் தொடங்கியவர்கள் அனைவரும் முடிக்கும்வரை காத்திருந்து அழிப்பதும் இதன் சாரம். தேடிக் கண்ட தடங்களை மறுபயன்பாட்டுக்குச் சேமித்து வைத்த ஐபிவி4 தடக் கேஷ் இதை முதலில் ஏற்றுக்கொண்ட பகுதிகளில் ஒன்று. ஆயினும் தேடலில் பூட்டு மறைந்ததே தவிர, கிடைத்த பதிவைச் சுமந்து செல்லும் பாக்கெட் எண்ணைக் கூட்டத்தான் வேண்டியிருந்தது. 2010இல் எரிக் டுமாசே, ஆர்சியுவின் காப்பிற்குள் பயணம் முடியும் பாக்கெட்டுகளுக்கு அதையும் தேவையற்றதாக்கினார். அந்தக் காப்பைக் கடந்து வரிசையில் காத்திருக்க நேரும் பாக்கெட் மட்டும் அப்போது எண்ணைக் கூட்டிக்கொள்ளும். எண்ணாமலே காக்க முடிந்த இடத்தில் எண்ணாதிருப்பது, கர்னல் கலையின் மிக அழகிய முடிவுகளில் ஒன்று.

பொய் முகவரிகளால் எளிதில் நிரப்பப்படக்கூடியதாக இருந்த தடக் கேஷை, 2012இல் டேவிட் மில்லர் 3.6 பதிப்பில் நீக்கியபோது, பல இணைப்புகள் ஒரே பதிவைப் பகிர்வது வழக்கமாயிற்று. அதனால் அந்த ஒரே எண்ணின் மீதான நெரிசல் கூடியது. 2023இல் வந்த 6.4 பதிப்பில், மதிப்பைச் சோதித்து, தோற்றால் மீண்டும் முயலும் சுழற்சியை விட்டு, நிபந்தனையின்றி ஒரே அடியில் கூட்டும் புதிய எண்ணியைத் தாமஸ் கிளைக்ஸ்னர் அமைத்தார். அதே பதிப்பில், எல்லாரும் அடிக்கடி படிக்கும் தகவல்கள் அந்த எண்ணுடன் ஒரே கேஷ் வரியில் கிடக்காதபடி, பதிவுக்குள்ளேயே வேறிடத்திற்கு நகர்த்தப்பட்டன.