கடலடி வயலை வெட்டிய நண்டு... கூண்டு வைத்து மீட்ட கனடா!

நட்ட சில நாளில் வயலுக்குப் போனால், நாற்று அடியோடு வெட்டுப்பட்டு மிதக்கும். வரப்பில் வளையைப் பார்த்ததுமே, 'நண்டு வேலை' என்று விவசாயிகளுக்குப் புரிந்துவிடும். இதே சேதம் கடலுக்கு அடியிலும் நடக்கிறது.

கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், கெஜிம்குஜிக் தேசியப் பூங்காவின் கடற்கரைப் பகுதி இருக்கிறது. இங்குள்ள கழிமுகங்களில் கடற்புல் செழித்துக் கிடந்தது. கடற்புல், பாசி அல்ல. நெல்லைப் போலவே வேர் விட்டு, பூத்து, விதைக்கும் தாவரம். அடிமண்ணைக் கரையவிடாமல் பிடித்து வைப்பதும், மீன்குஞ்சுகள் ஒதுங்க இடம் கொடுப்பதும் இதுதான். 1987-ல் இருந்த பரப்பில், 2010-ல் 2 சதவிகிதம்தான் மிஞ்சியது.

முக்கியக் காரணம், ஐரோப்பியப் பச்சை நண்டு. கப்பல்களோடு அமெரிக்கக் கரைக்கு வந்து, 1950-களில் நோவா ஸ்கோஷியாவை எட்டிய அந்நிய இனம். சேற்றில் சிப்பி தேடித் தோண்டும்போது கடற்புல்லின் வேரைப் பெயர்த்துவிடும், தண்டையும் வெட்டிவிடும். ஒரு பெண் நண்டு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டையிடும்.

2010 முதல் பூங்காத் துறையினர் கூண்டு வைத்துப் பிடிக்க ஆரம்பித்தார்கள். பிடிபட்டவை சுமார் 20 லட்சம் நண்டுகள்! ஒரு கூண்டில் ஒரு நாளைக்கு 15 நண்டுகளுக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பதே இலக்கு. சில இடங்களில் நாற்று நடுவதுபோலக் கடற்புல்லையும் நட்டார்கள். பழைய பரப்பில் மூன்றில் ஒரு பங்கு மீண்டது.

பூண்டோடு ஒழித்தால் என்ன?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சீட்ரிஃப்ட் என்ற காயலில் அதைத்தான் முயன்றார்கள். 2009-ல் தொடங்கி, 2013-க்குள் நண்டுகளை 10,000-க்கும் கீழே குறைத்தார்கள். அடுத்த ஆண்டே சுமார் 3 லட்சமாகப் பெருகிவிட்டது! பெரிய நண்டுகள் குஞ்சு நண்டுகளைத் தின்று எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருந்தன. பெரியவற்றைப் பிடித்ததும், குஞ்சுகள் தப்பிப் பிழைத்தன. முழுசாக ஒழிக்க முயல்வதைவிட, சேதம் தாங்கும் அளவுக்குக் குறைத்து வைப்பதே வழி என்பது ஆய்வாளர்கள் கற்ற பாடம்.

பூச்சி மேலாண்மையில் 'பொருளாதாரச் சேதநிலை' என்று சொல்வதும் இதைத்தான். ஒரு பூச்சியைக் கண்டதும் மருந்து தெளிப்பதில்லை. எண்ணிப் பார்த்து, அளவு தாண்டினால்தான் நடவடிக்கை. எண்ணுவதை மட்டும் எந்தப் பருவத்திலும் நிறுத்தக் கூடாது. வயலுக்கும் அதுதான்... கடலுக்கும் அதுதான்!