குற்றாலத்தில் வாங்கிய செடி வீட்டில் ஏன் வாடுகிறது? எந்தக் கருவி தேவை, எது தேவையில்லை?

சாரல் சீசனில் குற்றாலம் போகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதில்லை. மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்களோடு, நர்சரியில் கண்ணைப் பறித்த ஒரு செடியும் காரில் ஏறிவிடும். "அண்ணாச்சி, இது அபார்ட்மென்ட்ல வருமா?" என்று கேட்டால், "வரும் தம்பி, தண்ணி மட்டும் பார்த்து ஊத்துங்க" என்று பதில் வரும்.

ஊர் திரும்பிய சில வாரங்களில் இலை மஞ்சளாகிறது. உடனே போனில் தேடல். பத்துப் பொருட்கள் அடங்கிய தோட்டக் கருவி செட் ஒன்று ஆர்டர் ஆகிறது. அது வந்து சேர்வதற்குள் செடி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

செடி ஏன் செத்தது? அந்தக் கருவிகளில் எதுவாவது அதைக் காப்பாற்றியிருக்குமா?

ஊர் மாறுகிறது, காற்றும் மாறுகிறது

தமிழகத்தின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. குற்றாலம் அப்படியல்ல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து சாரலைத் தூவுகிறது. அந்த நாட்களில் அங்கே காற்றே ஈரமாக இருக்கும். அதே ஜூலையில் மதுரையிலும் திருச்சியிலும் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

இந்த வித்தியாசத்தை நம்பி அன்றே ஒரு முதலீடு நடந்தது. 1800-வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி கிராம்பு பயிரிடத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று குற்றாலம். அங்கே போட்ட வாசனைப் பொருள் தோட்டத்திலிருந்துதான் இந்தியாவில் கிராம்பு பரவியது என்பார்கள். ஈரமும் நிழலும் கேட்கிற செடிகளுக்குக் குற்றாலம் தாய்வீடு மாதிரி. ஏசி அறையும் பால்கனி வெயிலும் அவற்றுக்கு அந்நிய தேசம்.

தண்ணீர் அதிகமானாலும் வாடும்

செடி வாடினால் நாம் முதலில் செய்வது தண்ணீர் ஊற்றுவது. பல நேரம் அதுதான் தப்பு.

வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் மண் துகள்களுக்கு நடுவே உள்ள காற்று வெளியேறிவிடும். வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தொட்டி நிறைய ஈரம் இருந்தும் இலை துவளும். 'தினமும் ஒரு சொம்பு ஊத்துறேன், அப்பவும் வாடுதே' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆக, முதலில் தேவைப்படுவது வெட்டும் கருவியோ தோண்டும் கருவியோ அல்ல. ஈரத்தைப் பார்க்க உதவுவதும், மிச்சத் தண்ணீரை வெளியேற்றுவதும்தான்.

இந்த ஐந்து போதும்

1. அடியில் ஓட்டையுள்ள தொட்டி: அழகான பீங்கான் தொட்டிகள் பலவற்றில் ஓட்டையே இருக்காது. அவற்றை வெளி உறையாக மட்டும் வைத்துக்கொண்டு, ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை உள்ளே வைக்கலாம். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும்.

2. ஒரு மரக்குச்சி: ஐஸ்கிரீம் குச்சிகூடப் போதும். மண்ணில் இரண்டு அங்குலம் இறக்கி, சில நிமிடம் கழித்து எடுங்கள். ஈர மண் ஒட்டி வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். விரலை விட்டுப் பார்த்தாலும் சரி. சின்னத் தொட்டி என்றால் கையில் தூக்கிப் பாருங்கள். காய்ந்த தொட்டியின் எடை குறைந்திருப்பது சில நாளில் கைக்குப் பழகிவிடும்.

3. பூவாளி: சொம்பில் ஊற்றினால் மண் அரித்துப் பள்ளமாகும், தண்ணீரும் ஒரே பக்கம் ஓடும். பூவாளி சீராக நனைக்கும். வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு மூக்கு நீண்டு மெலிந்த பூவாளி வசதி. இலைக்கு அடியில் மண்ணுக்கு நேராக ஊற்றலாம்.

4. கிளை வெட்டும் கத்தரி: இதில் இரண்டு வகை. 'பைபாஸ்' வகையில் இரண்டு அலகுகளும் கத்தரிக்கோல் போல ஒன்றை ஒன்று உரசிச் செல்லும். பச்சைத் தண்டுக்கு ஏற்றது இதுதான். 'ஆன்வில்' வகையில் ஒரு அலகு தட்டையான பரப்பின் மீது இறங்கும். அது பச்சைத் தண்டை நசுக்கிவிடும், காய்ந்த குச்சிகளுக்குத்தான் லாயக்கு. நோய்ப்பட்ட கிளையை வெட்டியதும் 70 சதவீத ஸ்பிரிட்டில் அலகைத் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள். இல்லாவிட்டால் நோயைப் பரப்புவது நம் கையாகவே இருக்கும்.

5. மண் அள்ளும் கைக்கரண்டி: வாங்கும்போது கழுத்தைக் கவனியுங்கள். மெல்லிய தகடும் பிடியும் சேரும் இடம்தான் முதலில் வளையும். அலகும் தண்டும் ஒரே துண்டாக இருந்தால் பல வருடம் உழைக்கும். ஊர்ப்பக்கம் கொல்லுப்பட்டறையில் அடித்த களைக்கொத்தி கிடைத்தால் இன்னும் நல்லது. மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம்.

எதைத் தவிர்க்கலாம்?

மண்ணில் செருகும் மலிவான ஈரமானி பார்க்க அறிவியல் மாதிரி இருக்கும். அது பெரும்பாலும் மண்ணின் மின்கடத்தலை வைத்தே ஈரத்தைக் கணக்கிடுகிறது. உரத்தின் உப்பு கூடினால் அளவு மாறும். தென்னை நார்க் கலவையிலும் தடுமாறும். குச்சி அப்படி ஏமாற்றாது.

இலைக்குத் தெளிக்கும் ஸ்பிரேயர் தூசியைக் கழுவவும், வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கவும் உதவும். ஆனால், அறைக் காற்றைக் குற்றாலம் ஆக்காது. தெளித்த ஈரம் சில நிமிடத்தில் போய்விடும். செடிகளை நெருக்கமாக வைப்பதும், ஏசி காற்று நேரே படாமல் பார்த்துக்கொள்வதும் அதைவிடப் பயன் தரும்.

வெளிச்சம் பார்க்கவும் தனிக் கருவி வேண்டாம். பகலில் செடிக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் பளிச்சென்று விழுந்தால் நல்ல வெளிச்சம். நிழலே தெரியாவிட்டால் அது செடிக்கான இடமல்ல.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்துவரும் மாடித்தோட்டத் தளையைப் பாருங்கள். அதில் இருப்பவை செடி வளர்க்கும் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள், வேம்பு சார்ந்த பூச்சிவிரட்டி, கையேடு. செலவழிக்க வேண்டிய இடம் மண்ணும் வேரும்தான் என்பதை அந்தப் பட்டியலே சொல்கிறது.

எந்தக் கருவியும் உதவாத செடிகள்

மங்குஸ்தான் கன்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது மெதுவாக வளரும் மரம். ஆணிவேர் ஆழமாக இறங்கும், பக்க வேர்கள் குறைவு. இடம் மாற்றினால் எளிதில் அடிபடும். காய்க்கவே ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகலாம். பால்கனித் தொட்டியில் அதை வைத்துவிட்டு எவ்வளவு விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் பயனில்லை.

எனவே அடுத்த சீசனில் செடியைக் கையில் எடுப்பதற்கு முன், அது எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு வெயில் தாங்கும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வாங்கி வந்த பிறகு, "பார்த்து ஊத்துங்க" என்று அண்ணாச்சி சொன்னதில் 'பார்த்து' என்ற சொல்லை மறக்காமல் இருந்தால் போதும்.