சாமி திரும்பி வந்த கோவில்!

"ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில், தண்ணீர் இல்லாத ஆறு!" என்று வேலூரைக் கேலியாகச் சொல்வார்கள்.

கோட்டையில் ராஜா இருந்தது உண்டு. ஆனால் கைதியாக! கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வெள்ளையர் காவலில் 1832-ல் அங்கேயே காலமானார்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோவிலில் பல தலைமுறையாகப் பூஜை இல்லை. வெள்ளையர் அதை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். சிவலிங்கமோ பக்கத்து ஊரான சத்துவாச்சாரியில்! 1981-ல் லிங்கம் கோட்டைக்குத் திரும்பியது. மணி ஒலித்தது. கேலிப் பேச்சில் ஒன்று பொய்த்தது!

ஆறு? பாலாறு பல மாதம் வெறும் மணல்தான். மணலுக்கு அடியில் இருந்த தண்ணீரையும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஆலைகளின் கழிவு கெடுத்தது. கிணறுகள் பாழாயின. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. "கெடுத்தவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும்" என்று 1996-ல் தீர்ப்பு வந்தது.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. பிறகு வெள்ளம் வடிந்தது.