ஹாலில் ரூட்டர், பெட்ரூமில் ஆபீஸ்: லேன் கேபிளைக் கண்ணில் படாமல் கொண்டுபோவது எப்படி?

ரூட்டர் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். ஆபீஸ் மேஜை கடைசி பெட்ரூமில். நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. காலை மீட்டிங்கில் "உங்க குரல் விட்டு விட்டு வருது" என்று யாராவது சொன்னால், கோபம் முதலில் இன்டர்நெட் கம்பெனி மேல்தான் வரும். பல வீடுகளில் தப்பு அங்கே இல்லை, சுவரில் இருக்கிறது. நம் ஊர் வீடுகள் செங்கலும் கான்கிரீட்டும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவரைத் தாண்டினாலே சோர்ந்துவிடும். கொஞ்சம் தூரம் போகக்கூடிய 2.4 கிகாஹெர்ட்ஸிலோ அக்கம்பக்கத்து ஃபிளாட் மொத்தமும் கூடியிருக்கும்.

இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. ரூட்டரிலிருந்து அந்த அறைக்கு ஒரே ஒரு லேன் கேபிள். சாதாரண கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தரும். கேட் 6 இன்னும் மேல். எந்த ஃபிளாட்டும் அவ்வளவு நீளம் கிடையாது. ஆனால், ஹால் நடுவே நீல வயர் ஓடுவதை வீட்டில் யார் ஒத்துக்கொள்வார்கள்? அம்மா ஒருமுறை கால் தடுக்கினால் போதும், அன்றே கழற்றச் சொல்லிவிடுவார். ஆக, கேபிளை மறைக்க வேண்டும். தப்புகள் நடப்பது பெரும்பாலும் அந்த மறைப்பதில்தான்.

'அதே பைப்புல விட்டுடலாம் சார்'

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் பல நேரம் முதலில் வரும் யோசனை இது. சுவிட்ச் போர்டுக்குப் போகும் மின்சார பைப் ஏற்கெனவே சுவருக்குள் இருக்கிறது. அதிலேயே லேன் கேபிளையும் நுழைத்துவிட்டால் சுவரை உடைக்க வேண்டாம், கொத்தனார் வேண்டாம், அரை மணி நேரத்தில் வேலை முடியும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சம்மதிக்கக் கூடாது.

மின்சார வயர் பக்கத்தில் இருந்தால் டேட்டாவில் இரைச்சல் வரும் என்பதுதான் இதற்குப் பலரும் சொல்லும் காரணம். அது உண்மைதான், ஆனாலும் அது இரண்டாம்பட்சம். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருப்பதே அந்த இரைச்சலைக் குறைக்கத்தான். பெரிய விஷயம் பாதுகாப்பு. நெருக்கமான பைப்பில் புது கேபிளை இழுக்கும்போது பழைய மின்சார வயரின் உறை உரசும். எங்கோ ஒரு வளைவில் லேசாகத் தேய்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு என்றாவது கீஸருக்கோ ஏசிக்கோ இன்னொரு வயர் இழுக்கும்போது அந்த உறை முழுசாகக் கிழியலாம். அப்போது 230 வோல்ட் மின்சாரத்துக்கு ரூட்டர் பக்கமும் லேப்டாப் பக்கமும் போக ஒரு வழி திறந்துவிடும்.

அதனால் பைப் தனி, பாக்ஸும் தனி. பிளக் பாயின்ட் இருக்கும் அதே பாக்ஸுக்குள் லேன் சாக்கெட்டை அடைப்பதும் கூடாது. மின்சார பைப்புக்கு இணையாகப் போக வேண்டியிருந்தால் அரை அடியிலிருந்து ஒரு அடி வரை இடைவெளி விடுவது நல்லது. குறுக்கே கடக்கத்தான் வேண்டுமென்றால் நேர்குத்தாகக் கடந்துவிடலாம்.

வீட்டிலேயே சும்மா கிடக்கும் பைப்

சுவரை உடைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் டிவி பாயின்ட். பல ஃபிளாட்டுகளில் கேபிள் டிவிக்கும் லேண்ட்லைனுக்கும் கட்டும்போதே தனி பைப் போட்டு வைத்திருப்பார்கள், ஹாலிலிருந்து பெட்ரூம் வரை. இப்போது படமெல்லாம் ஓடிடியில், லேண்ட்லைனும் எடுத்தாகிவிட்டது. உள்ளே இருக்கும் அந்தக் கறுப்பு வயர் யாருக்கும் வேண்டாம்.

அந்த வேண்டாத வயரையே கயிறாக்கிக்கொள்ளலாம். ஒரு முனையில் லேன் கேபிளை அதோடு சேர்த்து இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்ற வேண்டும். கட்டு தடிமனாக இல்லாமல், எலி வால் மாதிரி கூம்பாக இருக்கட்டும். ஒருவர் இங்கிருந்து மெல்லத் தள்ள, இன்னொருவர் அந்த அறையில் இழுக்க வேண்டும். கொஞ்சம் டால்கம் பவுடர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய், கிரீஸ் வேண்டாம். பழைய வயர் அசையவே இல்லையென்றால் பலத்தைக் காட்டக் கூடாது. எங்கோ ஆணி அடித்திருக்கலாம், பைப் நசுங்கியிருக்கலாம், சிமென்ட் உள்ளே இறங்கியிருக்கலாம். லேன் கேபிள் தாங்கும் இழுவை சுமார் 11 கிலோதான். அதற்கு மேல் இழுத்தால் உள்ளே முறுக்கு கலைந்துவிடும்.

தொடங்கும் முன் மெயினை அணைத்துவிட்டு பாக்ஸ்களைத் திறந்து பார்ப்பது அவசியம். டிவி பைப் போகும் வழியில் மின்சார ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றுக்குள் சேர்ந்துவிடும் வீடுகளும் உண்டு. அப்படியிருந்தால் அந்த வழியை மறந்துவிடலாம்.

ஒரு சின்ன ஏமாற்றத்தையும் தவிர்க்கலாம். ஆன்லைனில் இரு பக்கமும் பிளக் வைத்த ரெடிமேட் கேபிளை வாங்கினால், அந்த பிளக் வளைவில் மாட்டிக்கொள்ளும். பிளக் இல்லாத கேபிளை இழுத்த பிறகு முனையில் சாக்கெட் வைப்பதுதான் முறை. இரு முனையிலும் ஒரே கலர் வரிசை இருக்க வேண்டும்.

வாடகை வீடு என்றால்

டிவி பைப்பும் இல்லை, ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கவே முறைப்பார் என்றால் மிச்சமிருப்பது கேசிங் கேப்பிங். மூடி போட்ட பிவிசி பட்டிதான். இதை நெஞ்சு உயரத்தில் சுவரின் குறுக்கே ஒட்டிவிட்டு 'அசிங்கமாக இருக்கிறது' என்று வருத்தப்படுபவர்கள் அதிகம். இடம்தான் தப்பு. தரையோரம் ஸ்கர்ட்டிங் டைல்ஸின் மேல் விளிம்பை ஒட்டியோ, கதவு நிலையின் ஓரமாகவோ, சுவரும் சீலிங்கும் சேரும் மூலையிலோ ஓட்டினால் ஒரு வாரத்தில் வீட்டுக்காரர்களுக்கே அது கண்ணில் படாது. சுவர் கலர் பெயின்டை அதன் மேலும் ஒரு கை அடித்தால் இன்னும் நல்லது. டபுள் டேப் வலுவாக ஒட்டினால் கழற்றும்போது பெயின்டும் உரிந்து வரும். காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் கைவைக்க அது ஒரு காரணமாகிவிடும். ஹவுஸ் ஓனரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி, முடிந்தால் வாட்ஸ்அப்பில் சம்மதம் வாங்கிக்கொள்வது உத்தமம்.

கதவடியில் போகும் தட்டையான கேபிள் அவசரத்துக்குச் சரி. தினம் பத்து முறை கதவு அதன் மேல் உரசினால் எத்தனை மாதம் தாங்கும் என்பது அந்தக் கதவைப் பொறுத்தது. ஏசி பைப் போகும் ஓட்டை வழியாக பால்கனி சுற்றி வருவதும் ஒரு வழி. ஆனால் வீட்டுக்குள் போடும் கேபிளின் உறை நம் வெயிலில் நாளடைவில் வெடித்துவிடும். வெளியே போவதென்றால் அதற்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிள் வேண்டும்.

94-லேயே நிற்கிறதா?

எல்லாம் முடிந்தது, கேபிள் கண்ணில் படவில்லை. ஸ்பீட் டெஸ்ட் போட்டால், 300 எம்பிபிஎஸ் பிளானில் 94-க்கு மேல் ஏறவே இல்லை. இந்த எண் தற்செயல் இல்லை. 1 ஜிபிபிஎஸ் இணைப்புக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். அதில் ஒன்று அறுந்திருந்தாலோ சாக்கெட்டில் சரியாக உட்காராவிட்டாலோ, இரு பக்கக் கருவிகளும் பல நேரம் நான்கு கம்பியே போதுமான 100 எம்பிபிஎஸுக்கு இறங்கிவிடும். அதில் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 94. லேப்டாப்பின் நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கம்பி அறுவதற்கு ஒரு முக்கியக் காரணம் கடையிலேயே ஆரம்பிக்கிறது. விலை குறைவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசியவை. சுருளைத் தூக்கினால் லேசாக இருக்கும். இரண்டு வளைவு வளைத்தால் ஒடியும். ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: உள்ளேயும் செம்பு நிறமே இருந்தால் சரி, வெள்ளியாக மின்னினால் அது அலுமினியம். மேஜை மேல் கிடக்கும் கேபிள் என்றால் தூக்கிப் போட்டு வேறு வாங்கலாம். சுவருக்குள் போகும் கேபிளில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய், பிறகு மறுபடி கூலியாகப் போகும்.

வளைவும் முக்கியம். கேட் 6 கேபிள் சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன். வளைவின் ஆரம் அதைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். மூலையில் மடித்து சுத்தியலால் தட்டி உட்கார வைப்பதெல்லாம் கூடாது.

சுவர் வெட்ட முடியும் என்றால்

சொந்த வீடு, பெயின்ட் அடிக்கும் வேலையும் வரப்போகிறது என்றால் காடி வெட்டிவிடலாம். ஆனால் பீம், பில்லர் பக்கம் மெஷினைக் கொண்டுபோகக் கூடாது. நாலரை இஞ்ச் சுவரில் நீளமாகக் குறுக்கே வெட்டுவதும் சுவரை பலவீனமாக்கும். மேலிருந்து கீழே செங்குத்தாக வெட்டுவதே முறை. கேபிளை அப்படியே சிமென்டுக்குள் புதைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. இன்று கேட் 6 போடும் இடத்தில் பத்து வருடம் கழித்து ஃபைபர் தேவைப்படலாம், அல்லது இந்தக் கேபிளே கெட்டுப்போகலாம். 25 மில்லிமீட்டர் பிவிசி பைப் போட்டால் மூன்று நான்கு கேபிள் தாராளமாகப் போகும். எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவான பென்ட் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் சும்மா விட்டு வைக்கச் சொல்ல வேண்டும். இரு முனையிலும் ஒரு அடி கேபிள் கூடுதலாக இருக்கட்டும்.

பைப் போட்டு, கேபிள் இழுத்து, இணைப்பு வேகம் 1000 என்று பார்த்த பிறகுதான் கொத்தனார் பூச வர வேண்டும். அதற்கு முன் சுவரில் ஓர் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து, பைப் தெரியும்படி மொபைலில் நாலு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வருஷம் அதே சுவரில் காலண்டர் மாட்டவோ டிவி ஸ்டாண்ட் வைக்கவோ டிரில் மெஷினோடு யாராவது வந்து நிற்கும்போது அந்தப் படம் தேவைப்படும்.