ரேடியேட்டரில் வெந்நீர்: டிரைவர் அண்ணே, உஷார்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு லோடு கொண்டுவரும் வெளியூர் லாரி டிரைவர்களுக்கு கேபின்தான் வீடு, ரோட்டோரம்தான் குளியலறை. மார்கழிக் குளிரில் வெந்நீருக்கு எங்கே போவது? இஞ்சின்தான் கொதிக்குதே, ரேடியேட்டரில் பிடிச்சா போச்சு என்று தோணும்.

வேண்டாம் அண்ணே! ஓடி நின்ற வண்டியில் அந்தத் தண்ணீர் சுமார் 90 டிகிரி சூட்டில், அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும். மூடியைத் திருகினால் ஆவியோடு சீறி முகத்தில் அடிக்கும். கண் போகலாம்! கூலன்ட்டில் கலக்கும் எத்திலீன் கிளைக்காலோ விஷம்.

வெளிநாட்டில் வண்டியோடு முகாம் போகிறவர்கள் தனிக் கருவி பொருத்துகிறார்கள். உலோகத் தகட்டுக்கு ஒருபுறம் இஞ்சின் தண்ணீர், மறுபுறம் குளிக்கும் தண்ணீர். சூடு மட்டும் தாண்டும், தண்ணீர் கலக்காது.

நமக்குக் காசில்லாத வழி உண்டு. கறுப்பு கேனில் தண்ணீர் நிரப்பி பகல் வெயிலில் வையுங்கள். சாயங்காலம் வெதுவெதுப்பான குளியல்!