பாவம் வேறு, குற்றம் வேறு: கருச்சிதைவு பற்றிய கிறிஸ்தவச் சிந்தனை

கருச்சிதைவு என்ற சொல்லைக் கேட்டவுடன் சிலர், ‘அது பாவம்’ என்பர். சிலர், ‘அது குற்றம்’ என்பர். வேறு சிலர், ‘அது அவளுடைய விருப்பம்’ என்பர். மூவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றும். உண்மையில் அவர்கள் மூன்று வேறு வினாக்களுக்கு விடை கூறுகின்றனர். பாவம் மனிதன் கடவுளுக்குப் பொறுப்புக் கூற வேண்டியது. குற்றம் அவன் அரசுக்குப் பொறுப்புக் கூற வேண்டியது. விருப்பமோ, இவ்விரு பொறுப்புகளுக்கும் அடிப்படையாக உள்ள மனத்தின் நிலை. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால் விளையும் தீங்கு சிறிதன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் வேண்டியது. நம் தோட்டப்புறங்களில் ஒரு குடும்பத்துக்கு இக்கட்டு நேர்ந்தால், அவர்கள் நாடி வரும் முதல் சிலருள் பள்ளி ஆசிரியரும் ஒருவர். அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல் ஒரு பெண்ணை மருத்துவமனைக்கு அனுப்பும். அல்லது கைவைத்தியம் செய்பவரின் வீட்டுக்கு அனுப்பும். ஆகவே, கிறிஸ்தவ சிந்தனையாளர் இம்மூன்று வினாக்களையும் எவ்வாறு பிரித்து ஆராய்ந்துள்ளனர் என்பதை இங்குச் சுருக்கமாகக் காண்போம். வேறு சமயத்தவர்க்கும் இவ்வாராய்ச்சி பயன்படும்.

முதலில் நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 312 முதல் 316 வரையுள்ள பிரிவுகள் இதைப் பற்றியவை. இவற்றின் மூலம் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். நீரிணைக் குடியேற்றங்களில் 1871இல் இயற்றப்பட்ட சட்டம் அதனைத் தழுவியது. நாம் இன்று கையாளுவது அதன் வழிவந்ததே. 312ஆம் பிரிவின்படி, ஒரு பெண்ணின் கருவை வேண்டுமென்றே சிதைப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வயிற்றில் கருவின் அசைவு உணரப்பட்ட பின்னராயின் அது ஏழு ஆண்டு வரை நீளும். தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்குள் அடங்குவாள். அவளுடைய சம்மதமின்றிப் பிறர் செய்தால், 313ஆம் பிரிவின்படி தண்டனை இருபது ஆண்டு வரை உயரும்.

இத்துடன் பலர் நிறுத்திவிடுகின்றனர், சட்டம் நிற்கவில்லை. 1989இல் செய்யப்பட்ட திருத்தம் ஒரு விலக்கை வகுத்துள்ளது. கரு தொடர்வதால் தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மனநலத்துக்கோ நேரக்கூடிய கேடு, கருவைக் கலைப்பதால் நேரக்கூடிய கேட்டைவிடப் பெரிது என்று பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்துடன் கருதினால், அவர் அதைக் கலைப்பது குற்றமாகாது. மனநலம் என்ற சொல் இதில் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். பாலியல் வன்முறையால் கருவுற்றமை தனியொரு காரணமாகச் சட்டத்தில் இல்லை. ஆயினும் அதனால் மனத்துக்கு நேரும் கேட்டை மருத்துவர் கருத்தில் கொள்ளலாம். சுகாதார அமைச்சு 2012இல் தன் மருத்துவமனைகளுக்கென வழிகாட்டி நூலொன்றும் வெளியிட்டுள்ளது. ‘இந்நாட்டில் எந்நிலையிலும் முடியாது’ என்று கூறுவது தவறு; ‘கேட்டவர்க்கெல்லாம் உண்டு’ என்பதும் தவறு.

இனி, கிறிஸ்தவ சமயத்தின் நிலை யாது? விவிலியத்தில் கருச்சிதைவை நேரே பெயர் சொல்லித் தடுக்கும் கட்டளை இல்லை. எனினும் எரேமியாவின் முதல் அதிகாரமும் 139ஆம் சங்கீதமும், கருவிலேயே கடவுள் மனிதனை அறிகிறார் என்ற கருத்தை உடையன. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் எலிசபெத்தின் வயிற்றிலுள்ள குழந்தை மகிழ்ந்து துள்ளுகிறது. திருச்சபையின் தொடக்க காலத்து நூலாகிய ‘தீடாக்கே’ கருவை அழிப்பதை வெளிப்படையாகத் தடுக்கிறது. உரோமப் பேரரசில் வேண்டாத குழந்தைகளைத் தெருவில் எறிந்துவிடும் வழக்கம் இருந்த காலத்தில், கிறிஸ்தவர் எடுத்த இந்நிலை அவர்களைத் தனித்துக் காட்டியது.

கருவுக்கு எப்பொழுது ஆன்மா வருகிறது என்பதில் மட்டும் நெடுங்காலம் ஒரு முடிவு ஏற்படவில்லை. யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில், இருவர் சண்டையிடும்போது கர்ப்பிணி ஒருத்தி அடிபட்டுக் கரு வெளிப்படுவதைப் பற்றிய சட்டம் ஒன்று உண்டு. எபிரேய மூலத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், உருவான கரு, உருவாகாத கரு என்று அங்கே பிரித்தனர். புனித அகுஸ்தீனாரும் தோமா அக்குவினாரும் இப்பிரிவினையை ஏற்றனர். ஆயினும் உருவாகாத கருவை அழிப்பதும் பெருந்தவறே என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. 1869இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் திருச்சபைத் தண்டனையில் இருந்த இவ்வேறுபாட்டை நீக்கினார். இன்று கத்தோலிக்கத் திருச்சபை, கருவுற்ற கணம் முதலே உயிர் காக்கப்பட வேண்டும் என்று போதிக்கிறது. புரட்டஸ்டண்டு சபைகளில் ஒரே குரல் இல்லை. தாயின் உயிர் அல்லது நலம் ஆபத்துக்குள்ளாகும்போது துயரத்துடன் அதனை ஏற்கும் சபைகளும் உண்டு.

ஆகவே முதல் வினாவுக்குக் கிறிஸ்தவ மரபு தரும் விடை தெளிவானது: கருவை அழித்தல் இலேசான செயலன்று. ஆனால் அவ்விடையோடு ஆராய்ச்சி முடிவதில்லை. செயலின் கொடுமை ஒன்று. செய்தவரின் பொறுப்பு மற்றொன்று. இங்குத்தான் சுயாதீனம் என்னும் கோட்பாடு நுழைகிறது.

சுயாதீனம் என்பது நன்மையையும் தீமையையும் அறிந்து தேரும் மனத்தின் உரிமை. உபாகமம் 30ஆம் அதிகாரம் வாழ்வையும் சாவையும் மக்கள் முன் வைத்து, வாழ்வைத் தேருமாறு அழைக்கிறது. தேரும் ஆற்றல் இல்லாதவனை யாரும் அவ்வாறு அழைப்பதில்லை. அகுஸ்தீனார் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். பிற்காலத்தில் அவரே, மனித மனம் பலவீனமுற்றது, அருளின்றி அது நன்மையில் நிலைக்காது என்றும் வற்புறுத்தினார். மனம் உரிமை உடையது, அவ்வுரிமை காயமுற்றது. இவ்விரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே கிறிஸ்தவ மரபின் தனித்தன்மை.

1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இதற்கு அளவுகோல் தருகிறது. ஒரு செயல் சாவான பாவமாவதற்குப் பொருள் கனமானதாயிருத்தல், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும். அறியாமை, அச்சம், வற்புறுத்தல் முதலியன பொறுப்பைக் குறைக்கும். சிலபோது நீக்கியும் விடும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கருச்சிதைவுக்குச் சபைவிலக்கு என்னும் கடுந்தண்டனையை வகுத்திருக்கிறது. அதே தொகுப்பு, பதினாறு வயது நிறையாதவருக்கு அத்தண்டனை இல்லை என்கிறது. கடும் அச்சத்தால் செய்தவரைத் தானாக விழும் சபைவிலக்கு கட்டாது என்றும் கூறுகிறது. கடுமையான போதனையை உடைய திருச்சபையே, தண்டிக்கும் முன் மனத்தின் உரிமையை நிறுத்துப் பார்க்கிறது. 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ், இப்பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருமார்க்கும் நிலையாக வழங்கியதும் இவ்வழியில் வந்ததே.

இனி மூன்றாவது வினா: பாவம் என்று கொண்டதையெல்லாம் அரசு தண்டிக்க வேண்டுமா? பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அக்குவினார் இதை ஆராய்ந்தார். மனிதச் சட்டம் பெரும்பாலான மக்களுக்காக ஏற்பட்டது. அவர்களுள் பலர் நற்குணத்தில் நிறைவு பெறாதவர். ஆதலால் அது எல்லாத் தீமைகளையும் தடுக்க முற்படலாகாது. பிறருக்குக் கேடு விளைத்துச் சமுதாயத்தையே குலைக்கும் பெருந்தீமைகளையே தடுக்க வேண்டும் என்றார். கொலையையும் களவையும் உதாரணம் காட்டினார்.

இக்கருத்தை இரு தரப்பாரும் தமக்குத் துணையாகக் கொள்கின்றனர். ‘எல்லாப் பாவத்தையும் சட்டம் தண்டிக்க வேண்டியதில்லை’ என்பர் ஒரு சாரார். ‘கரு ஓர் உயிர், உயிரை அழிப்பது அவர் சொன்ன பெருந்தீமைகளுள் முதலாவது, பேச வாயில்லாத அவ்வுயிரைச் சட்டம் காக்காவிடில் வேறு யார் காப்பர்?’ என்பர் மற்றொரு சாரார். இரண்டாவது வாதம் வலிமையானது. அதை ஏளனம் செய்து ஒதுக்குதல் நேர்மையாகாது. 1995இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் ‘வாழ்வின் நற்செய்தி’ என்னும் சுற்றுமடலில் இதனையே விரிவாக வாதித்தார். அதே மடலில், கருச்சிதைவு செய்துகொண்ட பெண்களை நோக்கி, நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று கனிவுடன் பேசினார் என்பதையும் மறத்தலாகாது.

சட்டம் தன் எல்லையைத் தெளிவாகக் கூறாவிடில் என்ன நேரும் என்பதற்கு அயர்லாந்து நாடு சான்று. கத்தோலிக்கர் மிகுந்த அந்நாடு 1983இல் கருவின் உயிருரிமையைத் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதியது. 2012 அக்டோபரில், இந்தியாவிலிருந்து அங்குச் சென்று வாழ்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவார் பதினேழாவது வாரத்தில் கரு கலையத் தொடங்கிய நிலையில் மருத்துவமனையில் சேர்ந்தார். கரு பிழைக்காது என்பது தெரிந்தது. ஆயினும் அதன் இதயம் துடித்துக் கொண்டிருந்ததால், அவர் கேட்டும் அதை அகற்றவில்லை. இரத்தத்தில் நச்சு பரவி அவர் இறந்தார். 2018இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்து அவ்விதியை நீக்கினர். தாயைக் காக்கும் சிகிச்சையால், நோக்கமின்றியே கரு அழிய நேரின் அது கொலையாகாது என்னும் கோட்பாடு கத்தோலிக்க மரபிலேயே உண்டு. கருக்குழாயில் தங்கிவிட்ட கருவின் பொருட்டு அக்குழாயை அகற்றுதல் இதற்கு உதாரணம். சிந்தனையில் தெளிவு இருந்தும் சட்டத்தில் அது இல்லாதபோது மருத்துவர் தயங்குவர். தயக்கம் உயிரைக் கொள்ளும்.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? சுயாதீனத்தை உண்மையாக மதிப்பவர், ‘அவள் தேர்ந்தாள்’ என்று சொல்வதற்கு முன், ‘அவளுக்குத் தேரும் நிலை இருந்ததா?’ என்று கேட்கக் கடமைப்பட்டவர். நாஜிகளால் 1945இல் தூக்கிலிடப்பட்ட லூத்தரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர், கருச்சிதைவைக் கொலை என்றே கண்டித்தார். ஆயினும் வறுமையாலும் கைவிடப்பட்ட நிலையாலும் அது நேரும்போது, குற்றத்தின் பங்கு அப்பெண்ணைவிடச் சமுதாயத்துக்கே மிகுதியாக இருக்கலாம் என்றும் எழுதினார். இவ்விரண்டையும் ஒருவரே கூறியதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

நம் நாட்டில் இதைப் பொருத்திக் காண்போம். பதினாறு வயது நிறையாத சிறுமி உடலுறவுக்குச் சம்மதித்தாலும் அது சம்மதமாகாது என்பது 375ஆம் பிரிவின் விதி. அவ்வாறு கருவுற்றவளை நோக்கி, ‘நீ தேடிக்கொண்டது’ என்று கூறுவது எந்த நியாயம்? வெளிநாட்டுத் தொழிலாளர்க்குரிய மருத்துவப் பரிசோதனையில் கருவுற்றிருப்பது தெரிந்தால், அப்பெண் வேலைக்குத் தகுதியற்றவளாகிறாள். கடன் வாங்கி இங்கு வந்தவளுக்கு அக்கரு பிழைப்பின் முடிவாகத் தெரியும். அவள் எடுக்கும் முடிவை முற்றும் அவளுடையது என்று எவ்வாறு சொல்வது? கணவனோ மாமியாரோ வற்புறுத்த, வாய் பேசாது மருந்தை விழுங்குபவளின் நிலையும் இதுவே.

யோவான் நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்ட பெண் ஒருத்தியை இயேசுவின்முன் கொண்டு வருகின்றனர். உடனிருந்த ஆடவனை எவரும் கொண்டு வரவில்லை. கருச்சிதைவைப் பற்றிய நம் பேச்சிலும் அந்த ஆடவன் பெரும்பாலும் காணாமலே போகிறான்.

இதற்கு மாறாக, தேரும் உரிமையை விரிவாக்கும் சட்டங்களும் உண்டு. 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கருவுற்றதைக் காரணமாகக் கொண்டு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதும் தடுக்கப்பட்டது. பெற்றெடுத்தும் வளர்க்க இயலாதவர் குழந்தையைப் பத்திரமாக ஒப்படைக்கும் ‘குழந்தைத் தொட்டில்’ ஒன்றை 2010இல் பெட்டாலிங் ஜெயாவில் ஆர்பன்கேர் நிறுவனம் தொடங்கியது. இத்தகைய ஏற்பாடுகள் ஒருத்தியையும் தண்டிப்பதில்லை. ஆனால் கருவைக் காக்கின்றன. உயிரைக் காக்க விரும்பும் சமயத்தவர் சிறைச்சாலையைப் பற்றிப் பேசுவதிலும் மிகுதியாக இவற்றைப் பற்றிப் பேசுதல் தகும்.

இறுதியாக, ஆசிரியர்களுக்கு மூன்று சொற்கள். சட்டத்தைப் பற்றிக் கேட்டால் அதன் விலக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்; அரைகுறைச் செய்தி பெண்களைப் பதிவு பெற்ற மருத்துவரிடமிருந்து விலக்கி, மறைவிடத்துக்குத் தள்ளிவிடும். கருவுற்றவள் பள்ளிச் சிறுமியாயின், முதலில் அவளைக் காப்பதும் அவளைக் கெடுத்தவனைச் சட்டத்தின்முன் நிறுத்துவதும் நம் கடமை. பாவத்தைப் பற்றிக் கேட்டால், உங்கள் சமயம் கூறுவதை ஒளிக்காது கூறுங்கள். ஆனால் தீர்ப்பை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருத்தியின் மனம் எவ்வளவு உரிமையோடு இருந்தது என்பதை அளக்கும் கோல் பள்ளிக்கூடத்தில் இல்லை. நீதிமன்றத்திலும் முழுமையாக இல்லை. அவ்வுரிமையைச் சிறிதேனும் பெருக்கித் தரும் வழி மட்டும் நம் கையில் இருக்கிறது.