செய்தியின் வேகமும் சரிபார்ப்பின் விலையும்: பெங்களூரு தரும் படிப்பினை

கன்னட மொழியின் முதல் செய்தித்தாளான 'மங்களூர சமாச்சார' 1843-ஆம் ஆண்டில் கல்லச்சில் அச்சிடப்பட்டது. பெங்களூரில் 'டெக்கன் ஹெரால்டு', 'பிரஜாவாணி' ஆகிய நாளிதழ்கள் 1948-இல் தொடங்கப்பெற்றன. இடைப்பட்ட ஒரு நூற்றாண்டில் அச்சுப் பொறிகள் பெரிதும் மாறின. ஆயினும் நிருபர், ஆசிரியர், அச்சகம், முகவர், வீடுதோறும் இதழ் போடுவோர் என்ற சங்கிலி மாறவில்லை. டிஜிட்டல் ஊடகத்தின் வருகை இச்சங்கிலியின் பிற்பாதியைத் தேவையற்றதாக்கிவிட்டது. அச்சிடும் செலவும் விநியோகச் செலவும் ஏறத்தாழ மறைந்துவிட்டன. ஆனால் ஒரு செலவு மட்டும் சிறிதும் குறையவில்லை. கேட்டது உண்மைதானா என்று நேரில் சென்று உறுதி செய்யும் செலவே அது. அதனை யார் ஏற்பது என்பதே இன்றைய இதழியலின் மையப் பிரச்சினை எனலாம்.

வதந்தி தந்த எச்சரிக்கை

2012 ஆகஸ்டில் பெங்களூரு இதன் விளைவைக் கண்கூடாகக் கண்டது. அசாமில் அவ்வாண்டு நிகழ்ந்த கலவரத்தைத் தொடர்ந்து, தென்னகத்தில் வாழும் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்ற வதந்தி குறுஞ்செய்திகள் வாயிலாகவும் சமூக ஊடகங்கள் வாயிலாகவும் பரவியது. ஆகஸ்டு 15 தொடங்கிச் சில நாட்களில் பல்லாயிரவர் வேலையையும் படிப்பையும் விட்டு இரயில் நிலையத்தில் குவிந்தனர். குவாஹாட்டிக்குச் சிறப்பு இரயில்கள் இயக்கப்பட்டன. வதந்தி கூறியவாறு பெருந்தாக்குதல் எதுவும் நடைபெறவில்லை. ஒரே நேரத்தில் ஐவருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்புவதை மத்திய அரசு ஆகஸ்டு 17 அன்று நாடெங்கும் தற்காலிகமாகத் தடை செய்தது. குழந்தை கடத்தல் வதந்திகளால் பல மாநிலங்களில் உயிர்கள் பறிபோன பின், 2018-இல் வாட்ஸ்அப் நிறுவனமும் ஒரு செய்தியை முன்னனுப்புவதற்கு ஐந்து உரையாடல்கள் என்ற வரம்பை இந்தியாவில் விதித்தது. இவை பரவலின் வேகத்தைக் குறைக்கும் வழிகளே. செய்தியின் உண்மையை அறிந்து சொல்லும் பணி அவற்றால் நிறைவேறுவதில்லை.

இருவகைப் பணிகள்

2004-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் பெங்களூரில் ஒரு செய்திப் பிரிவைத் தொடங்கி, அமெரிக்க நிறுவனங்களைப் பற்றிய நிதிச் செய்திகளை இங்கிருந்து எழுதச் செய்தது. நிதி அறிக்கை கணினித் திரையில் வந்து சேருமாயின், அதனைச் செய்தியாக்குபவர் நியூயார்க்கில் இருக்க வேண்டிய தேவையில்லை. எழுத்து வடிவில் கிடைக்கும் தகவல்களுக்குத் தொலைவு ஒரு தடையாகாது என்பதை இது மெய்ப்பித்தது.

ஏரியில் கலக்கும் கழிவுநீரோ, பாதியில் நின்ற வடிகாலோ அவ்வாறு திரையில் தோன்றுவதில்லை. அதற்கு ஒருவர் நேரில் செல்ல வேண்டும். பொறியாளரையும் குடியிருப்போரையும் கேட்க வேண்டும். ஒப்பந்த ஆவணத்தைப் பெற வேண்டும். 2008-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட 'சிட்டிசன் மேட்டர்ஸ்' என்னும் இணைய இதழ் இத்தகைய செய்திகளையே தன் களமாகக் கொண்டது. இன்று அது ஊர்வாணி என்னும் இலாப நோக்கற்ற அறக்கட்டளையின் கீழ் இயங்குகிறது. 198 வார்டுகளைக் கொண்டிருந்த பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தல் நடைபெறவில்லை. குறைகளைக் கேட்க உறுப்பினரே இல்லாத அக்காலத்தில், உள்ளூர்ச் செய்தியின் தேவை இருமடங்காயிற்று.

மொழி இதழ்களுக்கு மற்றொரு தடையும் இருந்தது. நாளிதழ்கள் தத்தம் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கன்னட, தமிழ்ச் செய்திகள் பிற கணினிகளில் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. யூனிகோடு முறை பரவிய பின்னரே அவை தேடற்பொறிகளில் அகப்பட்டன. கைப்பேசிகளிலும் தங்குதடையின்றிப் படிக்கக் கிடைத்தன.

பயிற்சியில் மாற்றம்

1994-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற ஆசிய இதழியல் கல்லூரி 2000-இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. அதன்பின் பெங்களூரில் தோன்றிய இந்திய இதழியல் மற்றும் புதிய ஊடக நிறுவனம் தன் பெயரிலேயே புதிய ஊடகத்திற்கு இடமளித்தது. முன்னர் செய்தி எழுதுதல், திருத்துதல், பக்க அமைப்பு ஆகியவற்றைக் கற்றாலே போதுமானதாயிருந்தது. இன்றைய மாணவர் ஒளிப்படம் முதன்முதலில் எப்போது வெளியானது எனத் தேடவும், காணொளியில் தெரியும் கடைப் பலகை, வாகன எண், நிழல் ஆகியவற்றைக் கொண்டு இடத்தையும் நேரத்தையும் கணிக்கவும், வரவு செலவுப் பட்டியலைக் கணினியில் பகுத்தாயவும் அறிந்திருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையாளும் திறனும் இவற்றோடு சேர்கிறது. எனினும், கருவிகள் ஐயத்தை எழுப்ப உதவுமேயன்றி, நேரில் விசாரிக்கும் பழக்கத்திற்கு ஈடாகமாட்டா.

வருவாயின் வழிகள்

அச்சிதழின் விற்பனை விலை அதன் உற்பத்திச் செலவை ஈடுகட்டுவதில்லை. விளம்பரமே எஞ்சிய சுமையைத் தாங்கிற்று. வேலைவாய்ப்பு, வீட்டு வாடகை, திருமணம் ஆகிய சிறு விளம்பரங்கள் தனி இணையதளங்களுக்குச் சென்றன. பெரிய விளம்பரங்களின் கணிசமான பங்கு தேடற்பொறி, சமூக ஊடக நிறுவனங்களைச் சென்றடைந்தது. தேடல் மூலம் கிடைக்கும் விளம்பர வருவாயில் தங்களுக்கு நியாயமான பங்கு கிட்டவில்லை எனச் செய்தி வெளியீட்டாளர்கள் அளித்த புகாரின்பேரில், கூகுள் நிறுவனத்தின்மீது விசாரணை நடத்த இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. இத்தகைய நிறுவனங்கள் செய்தி வெளியீட்டாளர்களுடன் பேரம் பேச வகைசெய்யும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2021-இலேயே இயற்றியிருந்தது.

பெங்களூரில் மாற்று வழிகள் பல சோதிக்கப்பட்டுள்ளன. 2016-இல் தோன்றிய 'தி கென்' விளம்பரத்தை நம்பாது சந்தாவை நம்பியது. 2014-இல் தொடங்கிய 'தி நியூஸ் மினிட்' தென்மாநிலச் செய்திகளில் கவனம் செலுத்தி, வாசகர்களின் ஆதரவையும் நாடுகிறது. 2015-இல் இங்கு அமைந்த சுதந்திர, பொதுநல ஊடக அறக்கட்டளை கொடையாளர்களின் நிதியைச் செய்தி நிறுவனங்களுக்கு வழங்குகிறது. ஒவ்வொரு வழிக்கும் ஓர் எல்லை உண்டு. சந்தா செலுத்த இயலாதோர் விலக்கப்படுவர். கொடை நின்றால் பணியும் நிற்கும்.

விதிகளும் பொறுப்பும்

2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர்களுக்கு மூன்றடுக்குக் குறைதீர்ப்பு முறையை வகுத்தன. வெளியீட்டாளரின் குறைதீர்ப்பு அலுவலர் 15 நாட்களுக்குள் முடிவெடுத்தல் வேண்டும். நெறிமுறைக் கோவையைப் பின்பற்றுவதைக் கட்டாயமாக்கும் சில உட்பிரிவுகளுக்கு அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பொறுப்பை வலியுறுத்துவதும் கருத்துரிமையைக் காப்பதும் ஒருசேரக் கைகூட வேண்டியவை என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

நிர்வாகத்தின் பங்கும் இதில் சிறிதன்று. ஒப்பந்தங்களும் செலவுக் கணக்குகளும் வார்டு வாரியாக உரிய காலத்தில் வெளியிடப்பட்டால், சிறிய செய்தி நிறுவனமும் குறைந்த செலவில் சரிபார்க்க இயலும். பதற்றமான வேளையில் பொறுப்புள்ள அலுவலர் நிருபரின் அழைப்பை ஏற்று உண்மை நிலையைச் சொல்வாராயின், வதந்தி வேரூன்றுவதற்கு முன்பே மறுப்பு மக்களைச் சென்றடையும். அந்த மறுப்பை மக்கள் நம்ப வேண்டுமாயின், அதனை வெளியிடும் இதழ் அமைதியான நாட்களிலும் தெருவுக்கு வந்து செய்தி திரட்டியதாக இருத்தல் வேண்டும்.